வெள்ளம் புகுந்த பலகாரக் கூடத்தை மறுபடி திறக்கும் முன் சுத்தத்தை எப்படி உறுதி செய்வது?

டோங்காட் பலகாரம்:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டோங்காட்டில் எங்களுக்கு ஒரு சின்னப் பலகாரக் கூடம் இருக்கிறது. முன்பக்கம் இட்லி தோசை மாவு அரைத்து பாக்கெட் போடுகிறோம், நடுவில் முறுக்கும் சேவும் பொரிக்கிறோம், பக்கத்து அறையில் மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, பின்னால் மாங்காய் ஊறுகாய். போன மழையில் ஓடை பெருகி தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு உள்ளே வந்துவிட்டது. வெறும் மழைத்தண்ணீர் என்றால் பரவாயில்லை, தெருச் சாக்கடையும் அதோடு சேர்ந்து வந்தது. அன்றைக்கு மூடியதுதான்.

அதற்கப்புறம் சேற்றை வாரி வெளியே போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து, ப்ளீச் ஊற்றிக் கழுவி, டைல்ஸ் எல்லாம் இப்போது பளபளவென்று இருக்கிறது. கரண்ட்காரர் வந்து மோட்டார்களைப் பார்த்துவிட்டார். என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை மாவு ஊறப்போடலாம் என்கிறார். கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய ஆர்டர் இருக்கிறது, தீபாவளி ஆர்டரும் வர ஆரம்பித்துவிட்டது, வேலைக்கு வரும் பெண்கள் ஐந்து பேருக்கும் சம்பளம் நின்றுபோய்க் கிடக்கிறது. எனக்கும் திறக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் மாவு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பித் திறக்க மனது வரவில்லை.

சுத்தமாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? அதற்கு ஏதாவது மெஷின் இருக்கிறதா, லேபுக்குக் கொடுக்க வேண்டுமா, முனிசிபாலிட்டியிலிருந்து யாராவது வந்து பார்த்துச் சொல்வார்களா? தண்ணீரில் மூழ்கிய ஊறுகாய் பாட்டில்கள் நிறைய இருக்கின்றன, மூடி திறக்காதவை. அவற்றைக் கழுவி விற்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் ஊறுகாய்:

அக்கா, ரொம்ப யோசிக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் இடத்திலும் தண்ணீர் வந்தது. நல்ல ப்ளீச் வாங்கி, கொஞ்சம் கெட்டியாகவே கலந்து, தரை, மேஜை, டிரம் எல்லாவற்றிலும் ஊற்றி ஒரு ராத்திரி விட்டுக் கழுவினோம். மறுநாளே வேலை ஆரம்பித்துவிட்டோம், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊறுகாயில் உப்பும் வினிகரும் எண்ணெயும் இருக்கிறது, கிருமி எங்கே வளரும்? லேப், டெஸ்ட் என்று போனால் காசும் போகும், சீசனும் போகும். நம் மாதிரி சின்ன ஆட்களுக்கு ஒரு மாத வியாபாரம் போனாலே கடை எழுந்து நிற்பது கஷ்டம். பாட்டில்களை ப்ளீச் தண்ணீரில் முக்கித் துடைத்து புது லேபிள் ஒட்டுங்கள், போதும்.

மாரிட்ஸ்பர்க் க்யூசி:

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு பால் பொருள் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். சாட்ஸ்வர்த் அண்ணா, சீசன் போகும் கவலை நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன வழியை அக்கா இட்லி மாவுக்குக் கடைப்பிடிக்கக் கூடாது. ஊறுகாயில் புளிப்பும் உப்பும் காவல் இருக்கிறது. மாவில் அப்படி இல்லை. புளித்து முடிகிற வரைக்கும் ஈரமான, வெதுவெதுப்பான, சத்துள்ள பொருள் அது. நமக்கு வேண்டிய நுண்ணுயிரிக்கும் வேண்டாததற்கும் அது ஒரே சாப்பாடுதான்.

முதலில் ப்ளீச் விஷயம். அழுக்கின் மேல் ப்ளீச் ஊற்றினால் ப்ளீச்சின் சக்தியை அழுக்கே தின்றுவிடும். சேறு, மாவுப் படிவம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் குளோரினை உறிஞ்சிக்கொள்ளும், அடியில் இருக்கும் கிருமி அப்படியே இருக்கும். அதனால்தான் வரிசை முக்கியம்: வாரி எடுப்பது, தண்ணீரில் அலசுவது, சோப்பு போட்டுத் தேய்ப்பது, சோப்பு போக அலசுவது, டார்ச் அடித்துப் பார்ப்பது, அதற்கப்புறம்தான் கிருமிநாசினி. டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஏதாவது தெரிந்தால் மறுபடி சோப்பிலிருந்து தொடங்க வேண்டும். கெட்டியாகக் கலப்பதாலும் லாபம் இல்லை. உணவு படும் இடங்களுக்கு 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு குளோரின்) போதும். பாட்டிலில் 3.5 சதவீதம் என்று போட்டிருந்தால், 10 லிட்டர் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 60 மில்லி. வாசனை சேர்த்த ப்ளீச் வேண்டாம். ஆசிட்டோடும் அமோனியா கலந்த க்ளீனரோடும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், வரும் புகை ஆளைக் கொன்றுவிடும். கெட்டியான ப்ளீச்சை ராத்திரி முழுக்க ஸ்டீலில் விட்டால் சின்னச் சின்னக் குழியாக அரித்துவிடும், அப்புறம் அந்தக் குழிக்குள்தான் கிருமி குடியேறும்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். சுத்தம் செய்வது வேறு, சுத்தமாகிவிட்டது என்று நிரூபிப்பது வேறு. நிரூபிக்க வேண்டிய இடங்கள் பளபளக்கும் டைல்ஸில் இல்லை, கை போகாத இடங்களில் இருக்கின்றன. மாவு கிரைண்டரைச் சாய்த்து, குழவியைக் கழற்றி, நடுத்தண்டு அடியில் சேரும் இடத்தில் இருக்கும் புஷ்ஷையும் வாஷரையும் வெளியே எடுங்கள். அதன் அடியில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம் இருந்தால், விரலால் தேய்த்தால் நழுவும், புளித்த வாடை வரும், அது பழைய மாவும் பாக்டீரியாவும் சேர்ந்து கட்டிய கோட்டை. மேலிருந்து எவ்வளவு ப்ளீச் ஊற்றினாலும் அது போகாது, கழற்றித் தேய்த்தால்தான் போகும். ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். ஸ்டீல் மேஜைக் கால்கள் உள்ளே குழாயாக இருக்கும், கீழ் மூடி கழன்றிருந்தால் வெள்ளத் தண்ணீர் உள்ளே தங்கியிருக்கும், திருப்பிப் போட்டுப் பாருங்கள். குளிர் அறைக் கதவின் ரப்பர் மடிப்பு, உள்ளே கூலர் ஃபேனுக்குக் கீழே தண்ணீர் சொட்டும் தட்டு, அந்தத் தட்டிலிருந்து வெளியேறும் குழாய், இதையெல்லாம் பார்த்தீர்களா?

தரை வடிகாலுக்கு தனி பிரஷ், வேறு நிறத்தில், வேறு எதற்கும் தொடக்கூடாது. அதன் மேல் பிரஷர் வாஷர் அடிக்காதீர்கள். அடித்தால் அடியில் இருப்பது திவலையாகக் கிளம்பி மேஜை, கிரைண்டர் எல்லாவற்றின் மேலும் படியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த நாட்டில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. 2017, 2018 லிஸ்டீரியா பரவல், உணவு வழியாக வரும் பாக்டீரியா அது. 1,060 பேருக்கு உறுதியானது, 216 பேர் இறந்துபோனார்கள், பிறந்த சிசுக்கள் அதில் நிறைய. சொவேட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்துச் சிறுவர்கள் நோய்வாய்ப்பட, அந்தக் காப்பகத்து ஃப்ரிட்ஜில் இருந்த பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியிலிருந்து நூல் பிடித்துப் போய், 2018 மார்ச் 4 அன்று பொலோக்வானேயில் இருந்த ஒரு தொழிற்சாலைதான் மூலம் என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். நம்மைவிடப் பல மடங்கு பெரிய இடம் அது. லிஸ்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், ஈரமான வடிகாலில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். வெள்ள மண்ணிலும் சாக்கடையிலும் அது இருப்பது சாதாரணம். உங்கள் குளிர் அறைக்குள் அந்தத் தண்ணீர் போயிருக்கிறது.

பழைய இன்ஸ்பெக்டர்:

முனிசிபாலிட்டி சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி, நீ கேட்டதற்குச் சட்டப்படி முதலில் சொல்கிறேன். உன்னிடம் சிஓஏ, அதாவது உணவுக் கூடத்துக்கான தகுதிச் சான்றிதழ் இருக்கும், 2018 ஜூன் மாதம் வந்த ஆர்638 என்ற உணவுச் சுகாதார விதிகளின் கீழ். அந்தச் சான்றிதழ் கட்டடம் நல்ல நிலையில் இருந்தபோது கொடுத்தது. வெள்ளத்துக்கு அப்புறம் அந்த இடம் அதே இடம் இல்லை. யாரும் தேடி வரட்டும் என்று காத்திருக்காதே, நீயே எதெக்வினி (டர்பன் முனிசிபாலிட்டி) சுகாதார அலுவலகத்துக்கு எழுதி, வெள்ளம் வந்தது, இன்னின்ன வேலை செய்திருக்கிறோம், திறக்கும் முன் வந்து பார்க்க வேண்டும் என்று கேள். தண்டம் போடத்தான் வருவார்கள் என்று நம் ஆட்களில் பலருக்குப் பயம். தானாக அழைத்தவர்களிடம் நான் ஒருநாளும் கடுமை காட்டியதில்லை, எனக்குத் தெரிந்த மற்றவர்களும் அப்படித்தான். ஏற்கெனவே யாராவது வந்து மூடச்சொல்லித் தடை எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், அவர்கள் மறுபடி பார்த்துத் தடையை நீக்கும் வரை ஒரு பாக்கெட் கூடப் போடக்கூடாது.

அந்த விதிகளில் பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அது நீயா வீட்டுக்காரரா என்று தெளிவாக வைத்துக்கொள். திறக்கலாமா கூடாதா என்று கடைசியில் கையெழுத்துப் போடுவது ஒரே ஆள்தான், ஆர்டர் எடுக்கிற ஆள் அதைச் செய்யாமல் இருந்தால் நல்லது.

அடுத்தது தண்ணீர். எல்லோரும் தரையில் ஆரம்பிக்கிறார்கள், தண்ணீரில் ஆரம்பிக்க வேண்டும். கெட்ட தண்ணீரை வைத்துக்கொண்டு கழுவினால் கழுவியது எல்லாம் வீண். 2022 வெள்ளத்தில் உங்கள் ஊர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துக்கொண்டு போய், பல மாதம் லாரித் தண்ணீரை நம்பி இருந்தீர்கள், உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போதிருந்து எல்லோரும் ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வைத்திருக்கிறீர்கள். அதைத் திறந்து அடியில் வண்டல் இருக்கிறதா என்று பார். இருந்தால் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 50 பிபிஎம் வரும்படி ப்ளீச் விடு. 2,500 லிட்டர் டேங்குக்கு அந்த 3.5 சதவீத ப்ளீச் சுமார் மூன்றரை லிட்டர். எல்லாக் குழாயையும் திறந்து ப்ளீச் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடி, ஒரு நாள் அப்படியே விட்டு, அப்புறம் வாடை போகும்வரை வெளியேற்று. ஓடையில் விடாதே. கடைசி மூலையில் இருக்கும் குழாயை மறந்துவிடுவார்கள், பயன்படுத்தாத குழாயில் தேங்கிய தண்ணீர்தான் மோசம்.

பிறகு லேபுக்கு மாதிரி. சான்ஸ் 241 என்ற நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி 100 மில்லியில் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது. லேபே கொடுக்கும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், அதில் குளோரினை முறிக்கும் மருந்து போட்டிருப்பார்கள், அதை அலசிவிடாதே. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோ.

ஊறுகாய் பாட்டில் பற்றி. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பதில் ஒன்றுதான்: எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். திருகு மூடி பார்க்க இறுக்கமாக இருக்கும், ஆனால் புரியிடுக்கில் சாக்கடைத் தண்ணீர் தங்கியிருக்கும், அதை எதில் முக்கினாலும் முழுக்கக் கழுவ முடியாது. திறக்கும்போது அந்தத் தண்ணீர் ஊறுகாய்க்குள் விழும். முழுக்க மூடிய தகர டின் என்றால், நசுங்காமல் இருந்தால், கழுவிக் கிருமி நீக்கிக் காப்பாற்றலாம். திருகு மூடி பாட்டிலை முடியாது. சாட்ஸ்வர்த் தம்பி, புது லேபிள் ஒட்டி விற்கச் சொன்னாய், அது குற்றம், தயவுசெய்து வேறு யாருக்கும் சொல்லாதே. கொட்டும் முன் படம் எடுத்து எண்ணிக்கை எழுதி வைத்துக்கொள் தங்கச்சி, இன்சூரன்ஸ் இருந்தால் அதற்கு வேண்டும். குப்பையிலிருந்து யாரும் எடுத்து விற்காதபடி உடைத்தோ மருந்து கலந்தோ போடு.

டோங்காட் பலகாரம்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. பாட்டில்களைக் கொட்டுவதென்று முடிவு செய்துவிட்டோம், வீட்டுக்காரருக்கு மனசே இல்லை, ஆனால் இன்ஸ்பெக்டர் அண்ணா எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

க்யூசி தம்பி சொன்ன மாதிரி கிரைண்டரைக் கழற்றினோம். இரண்டு கிரைண்டரில் ஒன்றில் நீங்கள் சொன்ன அதே படலம், புஷ்ஷைச் சுற்றி மோதிரம் மாதிரி. கூலர் தட்டில் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. குளிர் அறைச் சுவர் தகடு போட்ட பேனல், அடியில் தட்டினால் மேலே இருக்கும் சத்தம் வரவில்லை, மொத்தென்று இருக்கிறது. அது என்ன?

பொடி அறை பற்றி யாரும் சொல்லவில்லை. அரவை மெஷின் மேடை மேல் இருந்தது, மெஷினுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆனால் அறை முழுக்க ஈரம், மிளகாய் மூட்டைகளில் அடி வரிசை நனைந்துவிட்டது. மேல் வரிசை மூட்டைகள் காய்ந்துதான் இருக்கின்றன. அந்த அறையையும் தண்ணீர் விட்டுக் கழுவி ப்ளீச் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.

லெனேசியா மசாலா:

அக்கா, பொடி அறையில் தண்ணீர் விடுவதற்கு முன் இதைப் படியுங்கள். லெனேசியாவில் மசாலா அரவை எங்கள் குடும்பத் தொழில். மாவுப் பக்கத்துக்குச் சொன்னது எதையும் பொடிப் பக்கத்துக்கு அப்படியே செய்யக்கூடாது. பொடிக்கு எதிரி ஈரம். சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி காய்ந்த மிளகாய்த்தூளில், தனியாத்தூளில் மாதக்கணக்கில் பெருகாமல் உயிரோடு தூங்கிக் கிடக்கும். ஒரு சொட்டு ஈரம் கிடைத்த இடத்தில் எழுந்து பெருகும், சல்லடை ஓரத்தில், ஹாப்பர் மூலையில். வெள்ளம் படாத மெஷினைத் தண்ணீரில் கழுவினால் இல்லாத பிரச்சினையை நீங்களே கொண்டுவருகிறீர்கள். மெஷினைக் கழற்றி, காய்ந்த பிரஷ்ஷாலும் வாக்குவமாலும் சுத்தம் செய்து, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். காற்றடித்து ஊதாதீர்கள், தூசி எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. ஆல்கஹால் துடைக்கும்போது மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். தூசி பிடிக்கும் துணிப்பையைக் கழுவிக் காயப்போட நினைக்காதீர்கள், தூக்கிப்போட்டுப் புதுசு வாங்குங்கள். அந்த அறைத் தரையில் வெள்ளம் வந்ததால் தரையை மட்டும் ஈரமாகக் கழுவத்தான் வேண்டும். மெஷினை முதலில் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டு, கழுவியதும் ஃபேன் போட்டு, தரையும் சுவரும் எலும்பாகக் காயும்வரை மூட்டைகளை வெளியே வையுங்கள்.

நனைந்த மிளகாய் போகட்டும். மேல் வரிசையும் எனக்குச் சந்தேகம்தான். ஈர அறையில் வாரக்கணக்கில் இருந்திருக்கிறது. ஒரு மூட்டையைப் பிரித்து நடுவிலிருந்து கைப்பிடி எடுத்து, சில பழங்களைக் கிள்ளி உள்ளே பாருங்கள். வெளியே சிவப்பாக இருந்தாலும் உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பல் பஞ்சு மாதிரி பூஞ்சை இருக்கும். அதில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் வறுத்தாலும் போகாது, அரைத்தாலும் போகாது. வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முறுக்குக்கு வைத்திருக்கும் வேர்க்கடலைக்கும் இதே கதைதான்.

மெஷின் முதலில் ஓடும்போது உப்போ உடைத்த அரிசியோ போட்டு ஓட்டி அதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் அரைக்கும் முதல் மிளகாய்த்தூளும் விற்பனைக்கு இல்லை.

இன்னொன்று, தெர்மாமீட்டர். குளிர் அறையில் 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பீர்கள், வெள்ளத்துக்குப் பின் அது சரியாகக் காட்டுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், கொஞ்சம் தண்ணீர், கலக்கி வைத்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் நீங்கள் கடலோரம் என்பதால் 100க்குப் பக்கத்தில் காட்டும். இங்கே ஜோஹன்னஸ்பர்க் உயரத்தில் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அது தெரியாமல் நல்ல தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

மாரிட்ஸ்பர்க் க்யூசி:

மசாலாக்காரர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பேனல் விஷயம்: தகட்டுக்கு நடுவே இருக்கும் தெர்மகோல் தண்ணீர் குடித்திருக்கிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருக்கும் சாக்கடைத் தண்ணீர் இணைப்பு வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். அடிப் பேனலை மாற்ற வேண்டும். செலவுதான், ஆனால் அந்தச் சுவருக்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு குளிர் அறையை ஓட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பேனல் மாற்றும் வரை மாவைப் புது ஃப்ரிட்ஜ் ஒன்றில் வைத்துக் குறைந்த அளவில் ஓட்டுங்கள்.

சாட்ஸ்வர்த் ஊறுகாய்:

லேபிள் விஷயத்தில் இன்ஸ்பெக்டர் அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அக்கா, அந்தப் பாட்டில்களை விற்காதீர்கள். ஆனால் லேபுக்கு எத்தனை மாதிரி கொடுப்பது? மேஜைக்கு ஒன்று, டிரம்முக்கு ஒன்று என்று போனால் கட்டுப்படியாகாது. கையில் பிடித்து உடனே நம்பர் காட்டும் மெஷின் ஒன்று இருக்கிறதாமே, அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதாதா?

மாரிட்ஸ்பர்க் க்யூசி:

நல்ல கேள்வி அண்ணா. அது ஏ.டி.பி மீட்டர். ஒரு பஞ்சுக் குச்சியால் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இடத்தைத் தேய்த்து உள்ளே வைத்தால், சில விநாடிகளில் ஒரு எண் காட்டும். மின்மினிப் பூச்சி ஒளிர எந்த நொதி காரணமோ அதே நொதிதான் அந்தக் குச்சியில் இருக்கிறது. உயிருள்ள எதன் மிச்சம் இருந்தாலும் ஒளி வரும், பாக்டீரியாவாக இருந்தாலும் சரி, பழைய மாவாக இருந்தாலும் சரி. அதனால் அது "கழுவியது போதுமா" என்பதற்குப் பதில் சொல்லும், "நோய்க்கிருமி இருக்கிறதா" என்பதற்குச் சொல்லாது. எண் குறைவாக வந்துவிட்டது, லிஸ்டீரியா இல்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒரு கம்பெனி மெஷினின் எண்ணை இன்னொரு கம்பெனி மெஷினோடு ஒப்பிடவும் முடியாது. ப்ளீச் ஈரத்தோடு தேய்த்தாலும் தப்பாகக் காட்டும், சோப்பு அலசியதும் கிருமிநாசினி போடும் முன் தேய்க்க வேண்டும்.

வாடகைக்கு எடுங்கள், தவறில்லை. அதை வைத்துப் பல இடங்களைத் தேய்த்து, எண் அதிகம் வரும் இடங்களை மறுபடி கழுவி, லேபுக்குக் கொடுக்கும் மாதிரியைக் குறைத்துக்கொள்ளலாம். லேபுக்கு நானாக இருந்தால் இவ்வளவுதான் கொடுப்பேன்: உணவு படும் இடங்களில் கிரைண்டர் புஷ் உட்காரும் இடம், மாவு நிரப்பும் புனல் வாய், முறுக்கு அச்சுத் தட்டின் பின்பக்கம். இவற்றில் பாக்டீரியாவின் மொத்த எண்ணிக்கையும், என்டரோபாக்டீரியா என்ற ஈ. கோலை குடும்பத்துக் கிருமிகளும் கேளுங்கள். லிஸ்டீரியாவுக்கு வேறு இடங்கள்: குளிர் அறை வடிகால், கூலர் தட்டு, கதவு ரப்பரின் கீழ் மடிப்பு, தள்ளுவண்டிச் சக்கரம். பொடி அறையில் சால்மொனெல்லாவுக்கு ஒன்று, அரவை மெஷின் அடியில் சேரும் தூசியிலிருந்து. நிச்சயம் பாஸாகும் என்று தெரிந்த மேஜை நடுவில் தேய்த்து அனுப்புவதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். லிஸ்டீரியா மாதிரியைக் கிருமிநாசினி போட்ட கையோடு எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது, ஒளிந்துகொண்டிருப்பது ஒளிந்தேதான் இருக்கும். சோதனை ஓட்டம் ஆரம்பித்து மூன்று நாலு மணி நேரம் கழித்து எடுங்கள். மெஷின் அதிர்ந்து, தண்ணீர் ஓடி, சக்கரம் உருண்டு, உள்ளே இருப்பது வெளியே வந்திருக்கும்.

பழைய இன்ஸ்பெக்டர்:

ஆட்களை மறந்துவிடக் கூடாது. வெள்ளத்துக்கு அப்புறம் அந்தப் பெண்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தான். வேலைக்கு வரும் முதல் நாளே ஒவ்வொருவரிடமும் வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கையில் புண் இருக்கிறதா என்று தனியாகக் கேள். உண்மை சொன்னால் சம்பளம் போய்விடும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் சம்பளம் போகாது என்று நீ முதலில் சொல்லிவிட்டுக் கேள். சுத்தம் செய்யப் போட்ட பூட்ஸ், துடைப்பம், ஏப்ரன் எதுவும் சமைக்கும் நாளில் உள்ளே வரக்கூடாது.

எலியையும் பார். மூடிக் கிடந்த இடத்தில் தரை வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிப்போயிருக்கும், கரப்பான் அந்த வழியாக ஏறி வரும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி நிரப்பி வை. எலிப் புழுக்கையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதே, ப்ளீச் தண்ணீரில் நனைத்து, கையுறை போட்டு அள்ளு.

டோங்காட் பலகாரம்:

பேனல்காரரிடம் பேசியாகிவிட்டது. கோயில் நிர்வாகத்திடமும் நிலைமையைச் சொன்னேன், இந்த முறை வெளியில் ஏற்பாடு செய்துகொள்கிறோம், நீங்கள் சரியாகச் செய்துவிட்டுத் திறங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை மாவு ஊறப்போடுவதை நிறுத்தியாயிற்று. பெண்கள் ஐந்து பேரையும் சுத்தம் செய்யும் வேலைக்குச் சம்பளத்தோடு கூப்பிட்டிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. சோதனை ஓட்டத்தில் அரைக்கும் மாவை என்ன செய்வது? எவ்வளவு அரைக்க வேண்டும்? லேப் முடிவு வர எத்தனை நாள் ஆகும்?

மாரிட்ஸ்பர்க் க்யூசி:

வழக்கமாக ஒரு தடவை எவ்வளவு போடுவீர்களோ அவ்வளவு போடுங்கள், குறைத்துப் போட்டால் மெஷினின் எல்லா இடமும் நனையாது. முதல் தடவை அரைத்ததை முழுக்கக் கொட்டுங்கள். அதற்கடுத்ததை வழக்கம்போலப் புளிக்கவைத்து, பாக்கெட் போட்டு, "நிறுத்திவைக்கப்பட்டது" என்று பெரிதாக எழுதித் தனித் தட்டில் வையுங்கள். அதிலிருந்து முதலில், நடுவில், கடைசியில் போட்ட பாக்கெட் ஒவ்வொன்று லேபுக்குப் போகட்டும். மிச்சம் வீட்டுக்கும் போகக்கூடாது, வேலை செய்கிறவர்களுக்கும் கொடுக்கக்கூடாது. புளித்த மாவில் மொத்த எண்ணிக்கை கேட்டால் கோடிக்கணக்கில்தான் வரும், அது புளிக்கவைக்கும் நல்ல பாக்டீரியா, பயந்துவிடாதீர்கள். மாவுக்கு ஈ. கோலை, சால்மொனெல்லா, லிஸ்டீரியா மட்டும் கேளுங்கள், புளிப்பு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈ. கோலை ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும், மொத்த எண்ணிக்கைக்கு மூன்று நாள் வரை. லிஸ்டீரியாவும் சால்மொனெல்லாவும் பழைய முறையில் வளர்த்துப் பார்த்தால் அதைவிட இழுக்கும், சந்தேகமாக ஏதாவது முளைத்தால் உறுதிப்படுத்த இன்னும் நாள் வேண்டும். வாரக் கடைசியில் கொடுத்தால் சில இடங்களில் திங்கள் வரை காத்திருப்பார்கள், அதனால் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் கொடுக்கிற மாதிரி சோதனை ஓட்டத்தை வையுங்கள். லேபுகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய அமைப்பான சனாஸின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்வாப் குச்சிகளையும் அவர்களிடமே வாங்குங்கள், கிருமிநாசினியை முறிக்கும் திரவத்தில் நனைத்தது வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

வடிகாலில் மட்டும் லிஸ்டீரியா வந்து மாவில் வராவிட்டாலும் திறக்காதீர்கள். அந்த வடிகாலையும் அதைச் சுற்றியுள்ள தரையையும் மறுபடி தேய்த்து, மறுபடி மூன்று வேறு நாட்களில் எடுத்து மூன்றும் சுத்தமாக வந்தால் திறங்கள். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள் அக்கா, எண்களைச் சேர்ந்து பார்ப்போம்.